வக்கீல் தோற்ற வழக்கு

அவள் வக்கீல் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். கண்ணாடிக் கடையின் பின்பக்கப் பட்டறையில் லென்ஸ் தேய்ப்பதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. பட்டப்பெயர் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. அப்போது அவள் இருந்த வளர்ப்பு வீட்டில், சொந்தப் பிள்ளைகள் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கலாம், இவள் மட்டும் சீக்கிரம் படுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்திருக்கிறது. இவள் அந்த வீட்டுக்காரர் முன்னால் நின்று நியாயம் கேட்டாள். "பெரிய வக்கீல் வந்துட்டா" என்று அவர் நக்கலடித்தார். கொஞ்ச நாளில் அவளை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். பெயரும் கூடவே போனது.

நான் குழந்தைகள் நல அலுவலகத்தில் குமாஸ்தா. பெற்றோர் இல்லாத பிள்ளைகளையும், இருந்தும் வளர்க்க முடியாதவர்களின் பிள்ளைகளையும் எங்கள் அலுவலகம் வளர்ப்பு வீடுகளில் விட்டுப் பார்த்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கூட்டம் நடக்கும். அதிகாரியம்மா, வளர்ப்பு வீட்டார், பள்ளியிலிருந்து ஒருவர், மேசையின் கோடியில் நான். யார் என்ன பேசினார்கள் என்று எழுதுவதோடு என் வேலை முடிந்தது. எழுதுகிறவன் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பது என் கொள்கை. அதற்குப் பெயர் கொள்கை இல்லை, சோம்பேறித்தனம் என்பாள் என் மனைவி.

முன்பெல்லாம் பிள்ளை கூட்டத்துக்கு உள்ளே வராது. வெளியே தாழ்வாரத்தில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உள்ளே அதன் தலையெழுத்தைத் தீர்மானித்துவிட்டு, கதவைத் திறந்து, "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி அனுப்புவோம். வக்கீலும் அங்கே பலமுறை உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிச் சீருடையில், முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அந்த வழியாகத் தண்ணீர் பிடிக்கப் போனால் என் முகத்தையே பார்ப்பாள், ஏதாவது தெரியுமா என்று. நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

"உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டாத்தான் சார் ரொம்பப் பயமா இருக்கும்" என்று வளர்ந்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள். "என்னைப் பத்தி என்ன சொல்லிச் சிரிக்கிறாங்கன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சிடும்."

டீயில் சர்க்கரை போட மறந்ததற்காகச் சிரித்திருப்போம். அதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பதினெட்டு வயது முடிந்தால் வளர்ப்பு வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. அவளும் வெளியே வந்தாள். கண்ணாடிக் கடை முதலாளி பட்டறையைப் பெருக்கத்தான் முதலில் ஆள் எடுத்தார். ஒரு வருஷத்துக்குள் அவள் தேய்க்கும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். லென்ஸ் வட்டத் தகடாக வரும். வாங்குகிறவர் எடுத்த ஃப்ரேமின் வடிவத்துக்கு அதன் ஓரத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் கல்லில் தேய்த்து இறக்க வேண்டும். கூடுதலாகத் தேய்ந்தால் ஃப்ரேமில் நிற்காது. குறைவாகத் தேய்த்து அழுத்திப் பொருத்தினால் விரிசல் விடும். என் மூக்கின் மேல் இருப்பதும் அவள் கைவேலைதான். ஒருநாளும் தலைவலி வந்ததில்லை. அவளால் வந்த தலைவலியெல்லாம் அலுவலகத்தில்தான்.

இருபது வயது தாண்டியதும், தன்னைப் போலவே வளர்ப்பு வீடுகளிலிருந்து வெளியே வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தாள். ஒரு மோட்டார் மெக்கானிக், ஒரு சலூன்காரர், மருத்துவமனையில் துணி துவைக்கிற பெண் என்று பலதரப்பட்ட கூட்டம். அதிகாரியம்மா அவர்களை உட்காரச் சொல்லாமலே விசாரித்தார்.

"ஒரு பிள்ளையைப் பத்திப் பேசுறப்போ அந்தப் பிள்ளை ஏன் மேடம் வெளிய இருக்கணும்?" என்றாள் வக்கீல்.

"சின்னப் பிள்ளைங்கம்மா. சில விஷயம் காதுல விழுந்தா மனசு கஷ்டப்படும்."

"உங்க இடமாற்றத்தைப் பத்தி உங்களை வெளிய உக்கார வச்சுட்டுப் பேசினா உங்களுக்கு மனசு கஷ்டப்படாதா?"

அதிகாரியம்மா அப்போதுதான் தன் இடமாற்றம் ஒன்றைத் தலைகீழாக நின்று ரத்து செய்திருந்தார். வக்கீலுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். பேனாவைக் கீழே தவறவிட்டு, அதை எடுக்கக் குனிந்தவன் கொஞ்ச நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தேன்.

அதன் பிறகு வருஷக்கணக்கில் வந்தாள். போ என்றால் போவாள், மறுவாரம் வந்து நிற்பாள். மேலதிகாரிகளுக்கு எழுதினாள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூடப் போய்ப் பிடித்தாள் என்று கேள்வி. கடைசியில் ஒவ்வொன்றாக நடந்தது. பிள்ளை கூட்டத்துக்குள் வந்து உட்காரலாம். முதலில் பிள்ளைதான் பேச வேண்டும். தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றும்போது பிள்ளையிடம் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும். முன்பு அந்த வழக்கமே இல்லை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று வண்டியில் ஏற்றி, வேறு வீட்டில் இறக்கிவிட்டு வருவோம். வக்கீலை ஒருமுறை மிருகக்காட்சி சாலைக்கென்று கூட்டிப்போய் அப்படி விட்டிருக்கிறார்கள். இன்றுவரை அவள் அங்கே போனதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிதாக அவள் நினைத்தது கடைசியாக வாங்கிய விதியைத்தான். அண்ணன் தங்கை, அக்கா தம்பி என்று இருக்கும் பிள்ளைகளில் ஒன்றை மட்டும் யாராவது தத்தெடுக்க வந்தால், விவரம் தெரிந்த வயதில் இருக்கும் மற்றதன் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது. அந்த உத்தரவு வந்த நாளில் அவள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாள். எனக்கு இரண்டு.

பிள்ளைகளைக் கூட்டத்துக்குத் தயார் செய்ய, ஞாயிற்றுக்கிழமைகளில் கடை மூடியிருக்கும்போது பட்டறையில் ஒத்திகை வைப்பாள். ஒருவர் அதிகாரி, ஒருவர் வளர்ப்பம்மா, ஒருவர் ஆசிரியர் என்று நடிப்பார்கள். யாருக்குக் கூட்டம் வருகிறதோ அந்தப் பிள்ளை தன் பக்கத்தைப் பேசிப் பழக வேண்டும். நானும் ஒருமுறை, கண்ணாடியைச் சரிசெய்ய வந்த சாக்கில், நின்று பார்த்தேன். விதிகள் கறார். வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். காரணம் அதற்குப் பிறகு. சோகக் கதை கூடவே கூடாது. "கதை சொன்னா பிஸ்கட் குடுப்பாங்க, கேட்டதைக் குடுக்க மாட்டாங்க" என்பாள். 'பரவாயில்லை' என்ற வார்த்தைக்குத் தடை. வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. சாப்பாடு ஆறிப்போனாலும் பரவாயில்லை, செருப்பு கடித்தாலும் பரவாயில்லை, வீடு மாற்றினாலும் பரவாயில்லை. பட்டறையில் யார் வாயிலிருந்து அது வந்தாலும், லென்ஸ் தேய்த்த கசடு படிந்த தண்ணீர்த் தொட்டியை அவர்தான் கழுவ வேண்டும். அந்தத் தொட்டி எப்போதும் பளபளவென்று இருந்தது.

ஒத்திகையில் அதிகாரியாக நடிக்க ஆள் தேடவே வேண்டாம். கொக்கு இருந்தான். பதினாறு வயது, ஒல்லி, கழுத்து நீளம், பேச்சு குறைவு. ஆனால் அதிகாரியம்மாவாக உட்கார்ந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவர் கோப்பைத் தள்ளுகிற அழகை அப்படியே செய்து காட்டுவான். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். தன் பக்கத்தைப் பேசிப் பழக மட்டும் அவனைப் பிடிக்க முடியாது. "எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம் அக்கா" என்று நழுவிவிடுவான்.

அவனுக்கு ஒரு தங்கை. ஏழு வயது. உருண்டையாக, எங்கே விட்டாலும் உருண்டோடிவிடுவதால் பட்டாணி. இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள எந்த வீடும் கிடைக்காமல், அவன் ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் ஒரு வீட்டிலும், அவள் ஒரு பேருந்து ஓட்டுநர் வீட்டிலும் இருந்தார்கள். அது அவளுக்கு நாலாவது வீடு. ஓட்டுநரின் மனைவி தையல்காரி. ஞாயிறுதோறும் கொக்கு நடந்தே போய் அவளைப் பட்டறைக்குக் கூட்டி வருவான். அவளுக்குத் தூரப்பார்வை மங்கல். அவளுடைய சின்னக் கண்ணாடியை வக்கீல்தான் செய்து கொடுத்திருந்தாள். காசு வாங்கவில்லை, அதனால் பட்டாணி அவளை முதலாளி என்றே நினைத்திருந்தாள்.

அந்த வருஷம் ஓட்டுநருக்கு வெகுதூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. வளர்ப்பு வீட்டு அனுமதி அந்தந்த ஊருக்கு மட்டும்தான். பட்டாணியை அவர்கள் கூடவே கொண்டுபோக வேண்டுமானால் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் அவள் இங்கேயே ஐந்தாவது வீட்டுக்குப் போக வேண்டும். தத்தெடுத்துக்கொள்கிறோம் என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். அவளை மட்டும். விதிப்படி கொக்கின் சம்மதம் தேவைப்பட்டது.

"பையனையும் சேர்த்து எடுத்துக்கலாமே" என்று அதிகாரியம்மா கேட்டுப் பார்த்தார்.

தையல்காரி பூசி மெழுகவில்லை. "நல்ல பையன்தான் மேடம். குறையே சொல்ல மாட்டேன். ஆனா அவ்வளவு பெரிய பையனைப் புதுசா மகன்னு கூப்பிட எனக்கு வாய் வரல. வராததை வரும்னு சொல்லி அவனைக் கூட்டிட்டுப் போய் ஏமாத்தக் கூடாதில்ல?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதைவிட யோக்கியமான பதிலையும் அந்த அறையில் நான் கேட்டதில்லை.

வக்கீல் ஒற்றைக் காலில் நின்றாள். சம்மதம் கொடுக்கக் கூடாது, கொடுக்காவிட்டால் அலுவலகம் இருவருக்கும் சேர்த்து ஒரே வீடு தேடியாக வேண்டும், அதற்குத்தான் விதியை வாங்கியது என்றாள். ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு நர்ஸ் வீட்டை அவளே பார்த்தும் வைத்திருந்தாள். அந்த நர்ஸ் யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார். வக்கீலின் அகராதியில் அதற்குச் சரி என்று பொருள்.

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். இப்போதும் இருக்கிறான். நாலு வயதில் அவனை ஒரு குடும்பம் தத்தெடுத்துக்கொண்டு போனது. இவள் அப்போது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள், யாரும் கேட்கவில்லை. வளர்ந்த பிறகு தேடிக் கண்டுபிடித்தாள். வசதியாக இருக்கிறான், நல்ல வேலை. மாதம் ஒருமுறை இவள்தான் போன் செய்வாள். கடையில் இருக்கும்போது ஒருநாள் நானே காதால் கேட்டேன். அவன் குரல் வெளியே வரும் அளவுக்குச் சத்தமான போன் அது. "சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?" என்றான். பாங்கிலிருந்து பேசுகிறவர்களிடம் பேசுவது போல அவ்வளவு மரியாதை. இவள் பேசி முடித்து, போனை வைத்துவிட்டு, யாருடைய லென்ஸையோ எடுத்துத் தேய்த்துக் கெடுத்தாள். அவள் கெடுத்து நான் பார்த்த ஒரே லென்ஸ் அதுதான்.

கூட்டத்தன்று கொக்கு சலவை செய்த சட்டை போட்டு வந்திருந்தான். துணைக்கு வக்கீல். எதிரே ஓட்டுநரும் தையல்காரியும். பட்டாணி பள்ளியில் இருந்தாள். அவளுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். அண்ணன் என்னவோ பேசப் போகிறான், வக்கீல் அக்கா கூட இருக்கிறாள், அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அதிகாரியம்மா கோப்பைத் திறப்பதற்குள் வக்கீல் ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், எங்க தரப்புல தெளிவா இருக்கோம். சம்மதம் கிடையாது. நர்ஸ் வீட்டுக்கு இன்னைக்கே ஆள் அனுப்பி..."

"அக்கா" என்றான் கொக்கு.

அவள் நிறுத்தவில்லை. "...விசாரிக்கணும். ரெண்டு பேரையும் ஒண்ணா வைக்கிறது அலுவலகத்தோட கடமை. அதை..."

"அக்கா, கொஞ்சம் இருங்க. நான்தானே முதல்ல பேசணும். நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க."

அவள் வாயை மூடினாள். அவள் வாயை யாரும் மூட வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. அதிகாரியம்மாவும் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கொக்கு எழுந்து நின்றான். அவசியம் இல்லை, ஆனாலும் நின்றான். "பட்டாணியை அவங்க கூட்டிட்டுப் போகட்டும். நான் சம்மதிக்கிறேன்" என்றான்.

முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டான். காரணம் பிறகு வந்தது. "எனக்கு ரெண்டு வருஷத்துல பதினெட்டு முடியுது. நீங்க என்னை வெளிய அனுப்பிடுவீங்க. நர்ஸ் வீட்டுலயே ரெண்டு பேரும் இருந்தாலும் அப்போ அவ ஒம்பது வயசுல அங்க தனியாத்தான் நிப்பா. நான் எங்கயாவது ரூம்ல நாலு பேரோட படுத்துக்கிட்டு இருப்பேன். அவளை வச்சுக்க விட மாட்டீங்க. அந்த நர்ஸம்மா அவளைத் திருப்பி அனுப்பினா ஆறாவது வீடு." ஓட்டுநரைப் பார்த்தான். "இவங்க வீட்டுலதான் அவ படுக்கையை நனைக்கிறதை நிறுத்தினா. அது போதும் எனக்கு."

அழவில்லை, கதை சொல்லவில்லை, பரவாயில்லை என்ற வார்த்தை வரவில்லை. பட்டறையில் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அவன் பேச்சில் இருந்தது. வக்கீல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வயதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. தானே பதினெட்டில் பெட்டியோடு தெருவில் நின்றவள், அதை எப்படி விட்டாள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. தன் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கொக்கு கண்ணில் படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா தம்பி?" என்றார் அதிகாரியம்மா. அவர் குரல் மாறியிருந்தது.

"ஒண்ணு இருக்கு மேடம். நான் சம்மதிச்சேன்னு அவகிட்ட சொல்லக் கூடாது. நான் சண்டை போட்டேன்னு சொல்லுங்க. விட மாட்டேன்னு கத்தினேன், நீங்கதான் கேக்கலன்னு சொல்லுங்க."

தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். பிறகு, "அப்படிச் சொல்ல முடியாதுப்பா. பிள்ளைங்ககிட்ட உண்மையான காரணத்தைத்தான் சொல்லணும். விதி" என்றார். விதியை வாங்கியவளின் பக்கம் அவர் திரும்பினார்.

கூட்டம் கலைந்த பிறகு தாழ்வாரத்தில் அவள் அவனைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் எப்போதோ நிரம்பிவிட்டது.

"டேய், உண்மையையே சொல்லிடலாம்டா. உன் நல்லதுக்குத்தான் அண்ணன் ஒத்துக்கிட்டான்னு சொன்னா அவ புரிஞ்சுக்குவா."

"உன் நல்லதுக்குத்தான்னு சொல்லித்தான் அக்கா அவளை மூணு வீட்டுலேருந்து அனுப்பினாங்க" என்றான் கொக்கு. "உங்களையும் அப்படித்தானே அனுப்பினாங்க? நீங்க புரிஞ்சுக்கிட்டீங்களா?"

அவள் குழாய்க்குப் பக்கத்தில், தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அனுப்பினவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன்னு அவ நினைக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்கு வேணும். பெரியவளானதும் நானே உண்மையைச் சொல்லிக்கிறேன். இப்போ நீங்க சொல்லுங்க. நான் சொன்னா சிரிச்சுருவேன், அவ கண்டுபிடிச்சுருவா. நீங்க சொன்னா நம்புவா."

பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள் என்று எங்களைப் படாத பாடு படுத்தியவளிடம் அவன் ஒரு பொய் கேட்டான். அவள் வேண்டுமானால் மறுத்திருக்கலாம். விதி அவள் பக்கம் இருந்தது. ஆனால் பிள்ளைகள் என்ன வேண்டும் என்று கேட்கிறார்களோ அதற்காக நிற்பேன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்தாள். அதில் தனக்குப் பிடிக்காதது வந்தால் என்ன செய்வது என்று அவளை யாரும் கேட்டதில்லை. கொக்குதான் முதலில் கேட்டான்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஓட்டுநர் வீட்டுக்குப் போனாள். வீடு மாறும் விஷயமாகப் பிள்ளையிடம் பேசும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் உடன் இருக்க வேண்டும். அதிகாரியம்மா என்னை அனுப்பினார். "என்ன பேசினாங்கன்னு எனக்கு விவரமா வந்து சொல்ல வேண்டாம்" என்றும் சொல்லி அனுப்பினார். இருபது வருஷத்தில் அந்த அம்மாள்மேல் எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

முன்னறையில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தன. தையல் இயந்திரத்துக்குக் கீழே உட்கார்ந்து பட்டாணி வெட்டுத்துணிகளை நிறம் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் தரையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தையல்காரி அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அண்ணன் பேசினானா?" என்றாள் பட்டாணி.

"பேசினான்."

"என்ன சொன்னான்?"

வக்கீல் ஒரு துணித்துண்டை எடுத்து மடித்தாள். "சண்டை போட்டான். என் தங்கச்சியை விட மாட்டேன்னான்."

"கத்தினானா?"

"கத்தினான்."

"அண்ணன் கத்தவே மாட்டானே."

"நேத்து கத்தினான். மேசையைத் தட்டினான். கிளார்க் சாரைக் கேட்டுப் பாரு."

பட்டாணி என்னைப் பார்த்தாள். எந்தப் பக்கமும் சாயாதவன் நான். "ஆமாம்மா, பேனாவெல்லாம் கீழ விழுந்துடுச்சு" என்றேன்.

அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. பிறகு யோசித்தாள். "அப்புறம் ஏன் நான் போறேன்?"

"அவங்க கேக்கல."

"நீங்க அங்க இல்லையா?"

"இருந்தேன்."

"நீங்க பேசலையா?"

வக்கீல் அதிகாரியம்மாமேல் பழியைப் போட்டிருக்கலாம். ஓட்டுநரின் மாற்றல்மேல் போட்டிருக்கலாம். என்மேல் போட்டிருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பேசினேன். ஆனா சரியாப் பேசல. அண்ணன் நல்லாப் பேசினான், நான்தான் கோட்டை விட்டுட்டேன்" என்றாள்.

"நீங்க எப்பவும் ஜெயிப்பீங்கன்னு அண்ணன் சொன்னானே."

"இந்தத் தடவை தோத்துட்டேன்மா."

பட்டாணி கையிலிருந்த துணிகளை அவள்மேல் விட்டெறிந்தாள். இரண்டு கைகளாலும் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். ஏழு வயதுப் பிள்ளையின் பலம் எவ்வளவு இருக்கும், ஆனால் வக்கீல் பின்னால் சாய்ந்து பெட்டியில் இடித்துக்கொண்டாள். பட்டாணி அழுதுகொண்டே ஓடிப்போய்த் தையல்காரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மாள் ஒரு கணம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, பிறகு அவளைத் தூக்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வக்கீல் மதில் ஓரமாக நின்று அழுதாள். மூக்கைச் சிந்தி, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் பக்கத்தில் நின்றேன். ஆறுதல் சொல்லத் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

"நம்பிட்டாளா சார்?" என்றாள்.

"நம்பிட்டா" என்றேன்.

ஊருக்குப் போகிற அன்று சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. கொக்கு காலையிலேயே வந்து பெட்டிகளைத் தூக்கி ஏற்றினான். வக்கீல் கடைக்கு விடுப்புப் போட்டிருந்தாள். வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். பட்டாணி அவள் பக்கம் திரும்பவே இல்லை. கொக்குக்கு அது பொறுக்கவில்லை. "அக்காவுக்கு டாட்டா சொல்லு" என்றான் இரண்டு முறை. மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது வக்கீலே, வேண்டாம் விடு என்று சைகை காட்டினாள்.

வண்டி கிளம்பியது. ஓட்டுநருக்கும் தையல்காரிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பட்டாணி, தையல்காரியின் மடிமேல் ஏறி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அண்ணா, நீ சண்டை போடுறதை விட்டுடாத! நானும் அங்கேருந்து போடுறேன்!"

கொக்கு கையை உயர்த்தினான். "சரி" என்று கத்தினான். தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான்.